பூஜையில் வைத்த புல் மிஷின்

புல் வெட்டும் மிஷினைக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்த்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்கு அப்போது இரண்டு வருடம் வெள்ளிக்கிழமை மத்தியானச் சோறு ஒழுங்காக இறங்கியதில்லை. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பச்சைப் புல், வாசம், சினிமாப் படம் மாதிரி பங்களா. கீழே இருந்து பார்த்தால்தான் தெரியும் கண்றாவி. நறுக்கிய புல் ஈரத்தோடு தகட்டில் அப்பி, அழுகி, கறுத்து, அதற்குள் புழு நெளியும். தவளைத் தொடை கிடக்கும். விருந்தாளிகள் துப்பிய வெற்றிலைச் சக்கை, எச்சில் இலைத் துணுக்கு, நாய் இருந்துவிட்டுப் போனது, எல்லாவற்றையும் பிளேடு ஒன்றாக அரைத்து அங்கேதான் பூசி வைத்திருக்கும். அதை நான் ஒரு பழைய தோசைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். சீ, என்ன பிழைப்பு இது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சத்தமாகவே சொல்லுவேன்.

என் பேர் சென்னியப்பன். நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற ரோட்டில் ஒரு நூல் மில்லில் மெக்கானிக் மேஸ்திரி. மில்லில் ஓடுகிற எதையும் பிரித்து மாட்டுவேன். அதுதான் என் வேலை. புல் மிஷின் என் தலையில் விழுந்தது முதலாளியின் ஆசையால். மயில்சாமி முதலாளி எண்பத்து மூன்றில் நூற்பு மிஷின் வாங்க வெளிநாடு போனார். அங்கே தங்கின ஓட்டல் வாசலில் ஒருத்தன் இந்த எழவைத் தள்ளிக்கொண்டு போனானாம். பின்னாலேயே பாய் விரித்த மாதிரி புல் படுத்துக்கொண்டு வந்ததாம். முதலாளிக்கு அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. மில் சாமானோடு சாமானாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மில்லை ஒட்டி இருந்த பங்களா முன்னால் முக்கால் ஏக்கர் புல் வைத்தார். சுற்றுவட்டாரத்தில் எருமைக்குப் போட வைக்கோல் இல்லாமல் ஜனங்கள் அலைந்த வருடம் அது. யாரும் தின்னாத புல்லுக்கு இரண்டு கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தது.

மிஷினைக் குறை சொல்ல மாட்டேன். செய்தவன் யோசித்துத்தான் செய்திருந்தான். பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி இரண்டு கைப்பிடி. மேலே பெட்ரோல் இன்ஜின். கீழே கவிழ்த்த தட்டு போல ஒரு தகடு, அதற்குள் ஒன்றரை முழத்துக்குப் பிளேடு. வெட்டின புல் பக்கவாட்டில் ஒரு வாய் வழியாக வெளியே பறக்கும். கைப்பிடியில் ஒரு லிவர். அதை அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் பெல்ட் இறுகிப் பிளேடு சுற்றும். கையை எடுத்தால் பெல்ட் தளரும். அதே சமயம் லாரி பிரேக் போல லைனிங் ஒட்டிய ஒரு கட்டை வந்து, பிளேடை ஓட்டுகிற புல்லிச் சக்கரத்தை அமுக்கிப் பிடிக்கும். இன்ஜின் பாட்டுக்கு ஓடும், பிளேடு மட்டும் நின்றுவிடும். மூன்று எண்ணுவதற்குள் நிற்க வேண்டும்.

அந்த மூன்று எண்ணிக்கையைக் காப்பாற்றுவதுதான் என் வெள்ளிக்கிழமை. லிவரை அழுத்தினால் கட்டைக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற இடைவெளி இருக்கணும். கூடினால் பிரேக் பிடிக்காது, குறைந்தால் லைனிங் தீய்ந்து நாறும். நட்டை அரைச் சுற்று முடுக்கி, கார்டை விட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று தளர்த்தி என்று அதோடு மல்லுக்கட்டுவேன். பிளேடை அரத்தால் ராவி, நடு ஓட்டையில் ஆணியைக் கொடுத்துத் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, கனமான பக்கத்தை இன்னும் ராவுவேன். நான்கு சக்கரத்துக்கும் ஒரே காற்று. ஒரு சக்கரம் இறங்கினால் புல் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும், அம்மாவுக்குக் கோபம் வரும். அம்மா என்றால் முதலாளியின் சம்சாரம் வசந்தாமணி.

மிஷினைத் தள்ளுகிறவன் சென்றாயன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், நாற்பது இருக்கும். வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவன். ஏணியில் நின்றுகொண்டு கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளி, ஒரு மணி நேரத்தில் ஒரு கூடை இலை பறிப்பானாம். மில்லில் லீவு விட்டால் அப்போதும் சம்சாரம் குஞ்சம்மாளோடு கொடிக்காலுக்குப் போய்விடுவான். அப்படி ஒரு கை. இந்தக் கதை முழுக்க அந்தக் கையைப் பற்றித்தான்.

ஈரப் புல்லை வெட்டினால் பக்கத்து வாய் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் லிவரை விட்டு, சத்தமாக ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிவிட்டு, கையை உள்ளே விட்டுப் புல்லை இழுத்துப் போட வேண்டும். இப்படித்தான் சென்றாயனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மிஷினோடு வந்த புத்தகத்தில் வேறு மாதிரி படம் போட்டிருந்தது. இன்ஜினை அணை, பிளக் வயரைப் பிடுங்கு, அப்புறம் குச்சியை விடு என்று. படத்தைப் பார்த்தேன், புரிந்தது, மூடி வைத்துவிட்டேன். சூடான இன்ஜினை அணைத்தால் மறுபடி எடுக்கக் கயிற்றை எட்டுத் தடவை இழுக்கணும், யார் இழுப்பது? அவ்வளவுதான் காரணம். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது.

எண்பத்தைந்தாம் வருடம் ஆயுத பூஜை வாரம் முழுக்க மழை. எனக்கு மில்லுக்குள்ளேயே நாற்பது மிஷினைக் கழுவித் துடைக்கிற வேலை. புல் மிஷின் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை. மானேஜர் தங்கசாமியிடம் விட்டுவிட்டேன். தங்கசாமி அம்மாவுடைய தம்பி. மில்லில் அவர் செய்கிற வேலை என்ன என்று எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, வாயில் ஏலக்காய், கையில் சாவிக்கொத்து. சத்தம் மட்டும் பத்துப் பேர் சத்தம்.

பூஜை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் விஜயதசமி. நம் பக்கத்தில் வழக்கம் தெரியுமல்லவா, பூஜையில் வைத்ததை மறுபூஜை போட்டு எடுத்து, அன்றைக்கே கொஞ்சமாவது ஓட்டித் தொழிலைத் துவக்கணும். அன்றைக்குச் சாயங்காலம் பங்களாவுக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒறம்பரை விருந்தாளிகள் வருகிறார்கள், முதலாளி மகளைப் பெண் பார்க்க. புல்லோ ஒரு வார மழையில் கணுக்காலை மூடி நிற்கிறது. ஆக அன்றைக்குப் புல் மிஷினை ஓட்டியே ஆகணும்.

காலையில் கொட்டகைக்குப் போனேன். மிஷின் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. இன்ஜினுக்கு மாலை. கைப்பிடி இரண்டிலும் வாழைக் கன்று. காற்று போக வேண்டிய இடத்தில் எல்லாம் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் இறைத்து, அதை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. பெட்ரோலும் நல்லெண்ணெயும் கலந்து ஒரு நாற்றம். குனிந்து கீழே பார்த்தேன். போன வாரத்து அழுகல் அப்படியே இருந்தது. ஒருத்தனும் கை வைக்கவில்லை. மேலே பொட்டு, கீழே பீ. தூ என்று துப்பிவிட்டு, தகட்டுக்குக் கீழே ஒரு குச்சியை விட்டுப் பிளேடைச் சுற்றிவிட்டேன்.

லிவர் விட்டுத்தான் கிடந்தது. பிரேக் பிடித்திருக்க வேண்டும். பிளேடு ராட்டினம் போலச் சுற்றியது. நான் பத்து வரைக்கும் எண்ணினேன்.

சென்றாயன் புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"சென்றாயா, உள்ளாற ஏதாச்சும் கை வெச்சியா?"

"வெக்காம இருப்பனுங்களா?" என்றான் பூரிப்பாக. "மேமூடியக் கழட்டி, சக்கரம், கட்டை, பெல்ட்டு எல்லாத்தையும் நல்லெண்ண போட்டுத் தொடச்சனுங்க. மானேஜரு ஒரு லிட்டரு குடுத்தாருங்க. உள்ளயும் வெளியயும் மினுமினுன்னு இருக்கோணும்னாரு. பாருங்க மேஸ்திரி, சாமியாட்ட இருக்குது."

பிரேக் லைனிங்கில் நல்லெண்ணெய். லாரிக்காரன் வீட்டுத் தொட்டில் குழந்தைகூட நம் ஊரில் இதைச் செய்யாது. ஆனால் இவன் லாரியைப் பார்த்தவன் இல்லை, சாமியைப் பார்த்தவன். விக்கிரகத்துக்கு எண்ணெய்க் காப்பு போடுகிற மாதிரி பக்தியாகப் போட்டிருக்கிறான். அவனைத் திட்ட வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அடே, இது பிரேக்குடா. எண்ணெ பட்டா வழுக்கும், புடிக்காது. கைய உள்ள உட்டீன்னா கை போயிரும்."

அவன் முகம் செத்துப்போய்விட்டது. "தெரியாதுங்களே மேஸ்திரி. நல்லதுன்னு நெனச்சுத்தான..."

"சரி உடு. ஒண்ணரை மணி நேரச் சோலி. பெல்ட்டக் கழட்டிப் பெட்ரோல்ல கழுவி, லைனிங்க எடுத்து உப்புத்தாள் போட்டு, மறுபடி மாட்டி செட் பண்ணீர்லாம். அந்தப் பதினஞ்சாம் நம்பர் ஸ்பேனர எடு."

ஸ்பேனர் கைக்கு வருவதற்குள் தங்கசாமி வந்துவிட்டார். "ஏனுங்க மேஸ்திரி, என்ன பண்றீங்க? பூஜையில வெச்ச மிஷின விஜயதசமி அன்னைக்குப் பிரிக்கறீங்களா?"

சொன்னேன். எண்ணெய், பிரேக், மூன்று எண்ணிக்கை, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஏலக்காயை மென்றார். அப்புறம் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வசந்தாமணி அம்மாள் பட்டுச் சேலையில் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வந்தால் கால் அழுக்காகும். "மேஸ்திரி, இன்னைக்கு என்ன நாளுன்னு உங்களுக்குத் தெரியாததா? பொழுதோட புள்ளையப் பாக்க வாராங்க. ரெண்டு குடும்பம் சேருற அன்னைக்கு, பூஜை போட்ட மிஷின அக்கக்காப் பிரிச்சுப் போட்டு வெச்சா நல்லா இருக்குங்களா? நாளைக்குப் பிரிச்சுக்குங்க, யாரு வேண்டாங்கறா?"

"அப்படின்னா மிஷின் வேண்டாங்கம்மா. நாலு பொம்பளைகளக் கூப்புட்டு அருவாள்ல அறுக்கச் சொல்லீர்லாங்க. மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்."

"ஒறம்பரை வர்ற நேரத்துல வாசல்ல அருவாளோட குந்தீட்டு இருப்பாங்களா? அதும் இல்லாம, மிஷின் ஓடறத அவங்களும் பாக்கட்டுங்களே."

அதுதான் விஷயம். புல் வெட்டுவது இல்லை, மிஷின் ஓடுவதைக் கோயமுத்தூர்க்காரர்கள் பார்க்கணும். காதில் வைரத்தோடு, கழுத்தில் ஆறு வடம், அவை போதாது என்று வாசலில் ஒரு மிஷின். எனக்கு வந்த அருவருப்பை எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

"அம்மா, பிரேக்கு புடிக்காதுங்க. சென்றாயங் கை போயிருமுங்க." இதைவிடத் தெளிவாக எந்தப் பாஷையில் சொல்வது?

தங்கசாமி சிரித்தார். "கைய உள்ள உடாம இருந்தாப் போச்சு. ஏன்டா, கைய உடுவியாடா?"

"உட மாட்டனுங்க," என்றான் சென்றாயன்.

"அவ்வளவுதான? இதுக்குப் போயி..."

அப்போதும் நான் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. அம்மாள் குரலை இறக்கினார். "மேஸ்திரி, நம்ம மில்லுல எந்த மிஷின் வந்தாலும் நீங்க தொட்டு ஓட்டி வெச்சாத்தான் ஓடும்னு அவுங்க சொல்லாத நாளில்லைங்க. உங்க கைராசி அப்படி. இன்னைக்கும் நீங்களே கயித்த இழுத்து ஓட்டி வெச்சுருங்க. எம்புள்ளைக்கு நல்லது நடக்கோணும்."

முதலாளி என்னைப் பற்றி அப்படிச் சொல்கிறார் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பதினோரு வருடத்தில் யாரும் எனக்கு நேராக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பட்டுச் சேலை கட்டின அம்மாள் கொட்டகை வாசலில் நின்று கைராசி என்கிறார். எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது. ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டேன்.

என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காகச் சிலதைச் செய்தேன். சக்கரத்துப் பின்னை இரண்டு ஓட்டை மேலே மாற்றி, வெட்டுகிற உயரத்தைக் கூட்டி வைத்தேன். மேலோட்டமாக வெட்டினால் அடைப்பு குறையும். ஒரு கவைக் குச்சியைச் செதுக்கிச் சென்றாயனிடம் கொடுத்தேன்.

"இன்னைக்கு மூணு எண்ணுறதெல்லாம் கெடையாது, கேட்டுக்க. அடைச்சா இன்ஜின அணைச்சிரு. அணைச்சுட்டு என்னையக் கூப்புடு. நாந்தான் இங்கயே நிக்கறனே."

"சரிங்க மேஸ்திரி."

"கைய உட மாட்டேன்னு சொல்லு."

"சத்தியமா உட மாட்டனுங்க."

மூன்றரை மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே எடுத்துக்கொண்டது. அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தீங்களா," என்றார் தம்பியிடம். பழம் நசுங்கி, மிஷின் புல்லில் இறங்கியது.

முதல் இரண்டு சுற்று பழுதில்லை. ஆனால் பெல்ட்டிலும் எண்ணெய் ஏறியிருந்ததால் வழுக்கியது. பிளேடுக்கு முழு வேகம் கிடைக்கவில்லை. புல் வெட்டுப்படாமல் கசங்கிக் கசங்கி விழுந்தது. முதல் அடைப்பு வந்தது. சென்றாயன் இன்ஜினை அணைத்தான். பிளேடு தானாக ஓய்கிற வரைக்கும் இருவரும் நின்றோம். குச்சியால் நோண்டி எடுத்தான். நான் மறுபடி கயிற்றை இழுத்தேன். சூடாகிவிட்டது. ஒன்பது இழுப்பு. மேல்படியில் நின்ற தங்கசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது அடைப்பு. மறுபடி அதே கூத்து. பன்னிரண்டு இழுப்பு.

"ஏனுங்க மேஸ்திரி," என்று தங்கசாமி கத்தினார். "பவுண்டன்ல தண்ணி வரல. வாங்க இக்கட்டால!"

"இது முடியட்டுங்க!"

"எது முடியட்டும்? காரு மில் கேட்டுக்கிட்ட வந்துருச்சாமா. மோட்டாரு என்னன்னு பாருங்க முதல்ல!"

போனேன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. முப்பது அடி தூரம்தான், இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். பவுண்டன் மோட்டாரில் பியூஸ் போயிருந்தது. குந்தி உட்கார்ந்து கம்பியை மாட்டிக்கொண்டிருந்தபோது புல் மிஷினின் சத்தம் கம்மியது. அடைப்பு. தலையைத் திருப்பினேன். வாசலுக்கு நேர் நடுவில் மிஷின் நிற்கிறது. சென்றாயன் லிவரை விட்டுவிட்டு என்னைத் தேடுகிறான். இன்ஜினை அணைக்கத்தான் கை போனது, நான் பார்த்தேன்.

அப்போது பங்களா கேட்டில் கார் ஹாரன் கேட்டது.

"டேய்!" என்று தங்கசாமி படியிலிருந்து அலறினார். "நட்ட நடு வாசல்ல நிறுத்தித் தொலச்சறாதடா! அணைச்சீன்னா மறுபடி எடுக்காது! அந்தக் குச்சியத் தூக்கிப் போட்டுட்டுச் சீக்கரமா எடுத்து உட்டுத் தள்ளுடா அக்கட்டால!"

மானேஜர் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாகக் கை பழகியதும் அதைத்தான். சென்றாயன் குச்சியைப் போட்டான். குனிந்தான். அவன் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

நான் கத்தினேன். பெரிதாகக் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அவன் அலறவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வலது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் இல்லை. கட்டைவிரலும் சுண்டு விரலும் நின்றன. நான் ஓடிப்போய் பிளக் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். அப்போதும் அவன் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "எண்ணிட்டுத்தான் உட்டனுங்க மேஸ்திரி." அதற்குப் பிறகுதான் அவன் கால் மடங்கியது.

தங்கசாமி ஓடி வந்தார். வாயில் ஏலக்காய் இல்லை. "பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போங்க. பின்வாசல்! அவங்க எறங்கறாங்க." டிரைவர் சின்னண்ணன் ஜீப்பைப் பின்னால் கொண்டுவந்தான். நான் ஏறப் போனேன். தங்கசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எங்க போறீங்க? சின்னண்ணன் போறான். நீங்க அந்த மிஷினக் கொட்டகைக்குக் கொண்டு போயி, பிரிச்சுச் சுத்தமாக் கழுவி உடுங்க. புல்லுல இருக்கறதையும் தண்ணி அடிச்சு உடுங்க. நல்ல நாளும் அதுவுமா ரத்தம் கெடக்குது."

பிரிக்கச் சொன்னார். அதே நாள், அதே விஜயதசமி, கொட்டகை வாசலில் மாவிலைகூட வாடவில்லை. காலையில் பிரித்தால் ஆகாது, சாயங்காலம் பிரித்தால் ஆகும். அந்த ஆள் மூஞ்சியில் ஸ்பேனரால் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏழெட்டு வருடம் கழித்துக் கதை சொல்லும்போது எல்லாருக்கும் வீரம் வரும். அன்றைக்கு நான் மிஷினைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

கவிழ்த்தேன். அந்த அழுகல், புழு, வெற்றிலைச் சக்கை, அதற்கு நடுவே இரண்டு விரல். ஒன்றில் நகத்தடியில் திருநீறு ஒட்டியிருந்தது. மூன்றாவது கிடைக்கவில்லை. புல்லிலும் முழங்கால் போட்டுத் தேடினேன். பங்களாத் தாழ்வாரத்தில் பட்டுச் சேலைகளும் சிரிப்பும். கேசரி வாசம். ஒரு சின்னப் பெண் என்னைக் காட்டி, "அவரு என்ன தேடறாரு?" என்று கேட்டது. "நட்டு உழுந்திருக்கும் சாமி," என்றார் தங்கசாமி. நான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் விரல்களைக் குழாயில் கழுவி, பூஜைக்குக் கட்டின வாழைக் கன்றிலேயே ஓர் இலையைக் கிழித்து மடித்து, கைக்குட்டையில் முடிந்துகொண்டு சைக்கிளை எடுத்தேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் எட்டு மைல். வழி முழுக்க ஒவ்வொருத்தராகக் குற்றம் சாட்டிக்கொண்டே மிதித்தேன். எண்ணெய் கொடுத்தது தங்கசாமி. தடவியது சென்றாயன். பிரிக்கக்கூடாது என்றது அம்மாள். அவசரப்படுத்தியது மறுபடி தங்கசாமி. மிஷினை வாங்கியது முதலாளி. வரிசை நன்றாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

குஞ்சம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொடிக்காலில் இருந்து அப்படியே வந்திருக்கிறாள். இடுப்பில் சாக்குத்துணி, விரல் நுனியெல்லாம் வெற்றிலைக் கறை. சென்றாயனை உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். கைக்குட்டையை எடுத்து நடுவில் வைத்தேன்.

"ரெண்டுதாம்மா கெடச்சுது. இன்னொண்ணு காணோம்."

அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அழவில்லை. மறுபடி முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறனுங்க. பிரேக்கு புடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வரிசையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெரியும்."

"ஓட்டறதுக்கு முன்னாலயேவா?"

"காத்தாலயே தெரியும்."

"அப்பறம் ஏஞ்சாமி கயித்த நீங்களே இழுத்தீங்க?"

"அம்மா சொன்னாங்க," என்றேன்.

அவள் முந்தானையை என் பக்கம் படாமல் இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சில் இன்னும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.